முதலில் ஒரு கொட்டாப்புளி

தெல்தெனிய என்று இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப மூன்று விஷயம்தான் வரும். 1985 ஏப்ரலில் திறந்த விக்டோரியா அணை. 122 மீற்றர், நாட்டிலேயே உயரமானது. அந்த அணைக்காகத் தண்ணிக்குள் போன பழைய நகரம். வறட்சியில் நீர் இறங்கினால் இடிஞ்ச சுவர்கள் வெளியே தெரியும், ஆட்கள் செல்ஃபி எடுக்கப் போவார்கள். மூன்றாவது 2018 மார்ச்: திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்து, நாடு முழுக்க அவசரகால நிலை அறிவித்த நாட்கள். மூன்றுமே இந்தப் பக்கத்துக்கு நடந்தவை. இந்தப் பக்கத்து ஆட்கள் கையால் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள், பெரிதாக ஒன்றும் வராது.

என்னைக் கேட்டால் கடைசல் என்று சொல்வேன். கட்டில் கால், படிக்கட்டுக் கைப்பிடித் தூண், இடியப்ப உரல், மத்து, ரொட்டிக் கட்டை எல்லாம் கடைசல் பொறியில் சுற்றி வந்தவைதான். கண்டியைச் சுற்றி ஹுரிகடுவ மாதிரியான கிராமங்களில் அரக்கு பூசிய கடைசல் வேலை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கட வயசு ஆட்களில் எத்தனை பேர் ஒரு உளியைச் சுற்றுகிற மரத்தில் வைத்துப் பார்த்திருப்போம்?

என் கட்சி இதுதான். இந்தப் பக்கத்தில் இளைஞர்களுக்கு மரவேலை பழக்குகிறவர் யாராக இருந்தாலும், முதல் வேலையாக ஒரு கொட்டாப்புளி கடைய விடணும். பூச்சாடி வேண்டாம், அலங்காரப் பெட்டி வேண்டாம். உளியின் தலையில் தட்டுகிற, அழகில்லாத அந்த மரச் சுத்தியல் போதும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று சொல்கிறேன். நான் ஆறு மாதம் ஒரு இடத்தில் மரவேலை படித்தேன். எந்த இடம் என்பதை விடுங்கள், இதே கதையை வேறு இடங்களில் படித்த நண்பர்களும் சொல்கிறார்கள். அங்கே ஒரு நல்ல கடைசல் பொறி இருந்தது. மேலே ஒரு தார்ப்பாய். யாராவது பெரியவர்கள் பார்வையிட வந்தால் தார்ப்பாயை எடுப்பார்கள், போனதும் மூடிவிடுவார்கள். நாங்கள் கொட்டாப்புளியைப் பென்சிலால் வரைந்தோம். முன்பக்கத் தோற்றம், பக்கத் தோற்றம், மேல் தோற்றம். எனக்கு நல்ல புள்ளிகள். அதைக் கையில் பிடித்தால் எவ்வளவு பாரம் இருக்கும் என்று ஒருநாளும் தெரியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. ஆசிரியர் சிங்களத்தில் 'அதகொலுவ' என்பார். குறிப்பில் ஆங்கிலத்தில் 'மெலட்' என்று இருக்கும். தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் நாலு பேர், இரண்டையும் அப்படியே எழுதிக்கொள்வோம். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால்தான் எனக்குத் தலையில் தட்டியது: இது தாத்தாவின் கொட்டாப்புளி அல்லவா!

தாத்தா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். துரை பங்களாவின் ஜன்னல், ஃபெக்டரியின் கதவு, லயத்துக் கூரையின் சலாகை எல்லாம் அவர் கை பட்டவை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன பிறகு எங்கள் தோட்டத்தில் அப்படி நிரந்தரமாக ஒரு தச்சர் இல்லை. வேலை வந்தால் வெளியே இருந்து ஆள் வரும். அவர் செத்த பிறகு உளிகளை யாரோ விலைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கொட்டாப்புளி எடுக்க ஆளில்லை. அப்பாயி அதை அடுப்பில் வைத்துவிட்டா. அவவில் பிழை சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் அது வைத்திருக்க வேண்டிய ஒரு சாமானாகத் தெரியவில்லை. "ரெண்டு நாளு எரிஞ்சிச்சி, நல்ல வைரம்" என்று பிறகு ஒருநாள் சொன்னா.

சான்றிதழோடு வெளியே வந்த பிறகுதான் தெல்தெனியப் பக்கம் ஒரு பட்டறையில் போய் நின்றேன். நடத்துகிறவர் ஒரு முஸ்லிம் நானா, வயசு அறுபது இருக்கும். சான்றிதழைக் காட்டினேன். பார்க்காமலே கேட்டார்: "தம்பி, நீங்க செஞ்ச சாமான் ஏதாச்சும் இருக்கா?"

இல்லை. ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரு சாமான் இல்லை.

"அப்ப மொதல்ல ஒரு கொட்டாப்புளி செய்ங்க. அது இல்லாம இங்க ஒரு வேலையும் ஏலா."

அது கண்டிப்பு என்று அப்போது நினைத்தேன். இப்போது பார்த்தால் பாடத்திட்டம். சதுரத் தலை வைத்த கொட்டாப்புளி செய்ய வேண்டுமென்றால் தலையில் துளை வெட்டிப் பிடியைப் பூட்டணும். துளை வெட்ட உளி வேண்டும், உளியை அடிக்கக் கொட்டாப்புளி வேண்டும். அப்போ முதல் கொட்டாப்புளிக்கு எங்கே போவது? கடைசலில் இந்தச் சிக்கல் கிடையாது. பிடியும் தலையும் ஒரே கட்டை. பொறியில் மாட்டி, வேண்டாததை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கொட்டாப்புளி. துளை இல்லை, ஆப்பு இல்லை, பசை இல்லை. புதுசாக வருகிற ஒருவன் வேறு கருவி எதையும் நம்பாமல் தன் முதல் கருவியைத் தானே செய்துகொள்ளலாம்.

உருண்டைத் தலைக்கு இன்னொரு வசதி உண்டு. எந்தப் பக்கம் பட்டாலும் அடி விழும். அதனால் கண் கொட்டாப்புளியைப் பார்க்கத் தேவையில்லை, உளியின் முனையிலேயே இருக்கலாம். ஒரு பக்கம் தேய்ந்தால் கையில் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால் சரி. இரும்புச் சுத்தியலால் அடிக்கலாமே என்று கேட்பீர்கள். அடிக்கலாம், ஒரு வருடத்தில் உளியின் மரப்பிடி பூ மாதிரி விரிந்து பிளந்துவிடும். ஹாட்வெயாரில் கிடைக்கும் ரப்பர் சுத்தியல் துள்ளும். அடியில் பாதி உங்கள் மணிக்கட்டுக்கே திரும்பி வரும்.

மரம் என்ன மரம்? நானாவுக்கு இதில் பேச்சே இல்லை: புளி. "பேர்லயே புளி இருக்கே தம்பி" என்பார். அது அவருடைய பகிடி. ஆனால் புளியின் வைரம் உலக்கைக்கும் செக்குக்கும் ஏன் போனது என்று வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பலா அழகாகக் கடையும், அடிக்கு நிற்காது. அதோடு, பலா மரம் வெட்ட 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி எடுக்கணும். தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு இதற்கு லேசு. கொய்யா நல்லது, ஆனால் தலைக்குத் தேவையான பருமனில் கிடைப்பது அபூர்வம்.

முதல் கட்டையை நானே கொண்டு போனேன். வீதி அகலிக்க வெட்டிப் போட்ட புளிய மரத்தின் ஒரு கிளை, நாலு அங்குலம், நடுவில் மரத்தின் நெஞ்சு அப்படியே இருந்தது. நானா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடைந்தேன், அழகாக வந்தது. எட்டாம் நாள் காலையில் தலையில் இருந்து பிடி வரைக்கும் ஒரு வெடிப்பு. மரம் காயும்போது வளையங்களின் வழியே சுருங்குவது ஒரு அளவு, நெஞ்சில் இருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவது அதில் ஏறக்குறையப் பாதி. நெஞ்சு உள்ளே இருந்தால் இந்த இரண்டு இழுவைக்கும் நடுவில் மரம் வெடிக்காமல் என்ன செய்யும்? இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்த எனக்கு அந்த வெடிப்பைப் பார்க்கும்வரை விளங்கவில்லை.

இரண்டாவது கட்டை உளி சிக்கிச் செத்தது. கழுத்துப் பகுதியில், பிடி தலையைச் சேரும் இடத்தில், ஒல்லியில் இருந்து தடிப்பை நோக்கி உளியைத் தள்ளினேன். நார் எதிராக நின்றது, உளி உள்ளே குத்தி இழுத்தது, 'டமார்' என்று ஒரு துண்டு பெயர்ந்து போய் தகரத்தில் அடித்தது. முகக்கவசம் போட்டிருந்ததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நானா பொறியை நிறுத்திவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மேட்டுல இருந்து பள்ளத்துக்கு." எப்போதும் தடிப்பில் இருந்து ஒல்லிக்கு. இரண்டு மேட்டுக்கு நடுவில் ஒரு பள்ளம் என்றால், இரண்டு பக்கத்தில் இருந்தும் இறங்கி நடுவில் சந்திக்கணும்.

மூன்றாவது கட்டை பட்டறைக் கூரையில் பல வருடம் கிடந்து காய்ந்தது. அவரே இறக்கித் தந்தார். நெஞ்சு இல்லாத பகுதி. பன்னிரண்டு அங்குல நீளம், நாலுக்கு நாலு. இரண்டு முனையிலும் மூலைக்கு மூலை கோடு போட்டு நடு கண்டுபிடித்தேன். நாலு விளிம்பையும் கைக்கோடாலியால் சீவி எட்டுப் பட்டை ஆக்கினேன். பொறியில் மாட்டி, கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன், உளி தாங்கியில் இடிக்கிறதா என்று. பிறகு ஒரு பக்கமாக விலகி நின்று சுவிட்ச். வேகம் நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குக் கீழே. இந்தப் பருமனுக்கு அதற்கு மேல் போவது வீரம் இல்லை, முட்டாள்தனம்.

குழி உளியை முதலில் வைத்தால் வெட்டக் கூடாது. உளியின் சரிவான முதுகு மரத்தில் உரசணும், சத்தம் மட்டும் வரணும். பிறகு பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினால் ஒரு இடத்தில் முனை மரத்தைத் தொடும், சுருள் வரத் தொடங்கும். முதலில் 'டக டக டக' என்று விளிம்புகள் அடிக்கும். அந்தச் சத்தம் நெருங்கி நெருங்கி, ஒரு கட்டத்தில் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே இழையாக மாறும். அப்போது பார்க்காமலே தெரியும், கட்டை உருண்டையாகிவிட்டது. பென்சிலால் வரைந்த மூன்று தோற்றத்திலும் இந்தச் சத்தம் இல்லை.

தலை ஐந்து அங்குல நீளம், மூன்றரை அங்குலக் குறுக்களவு. நுனிப் பக்கம் கொஞ்சம் தடிப்பாக, பிடியை நோக்கி லேசாகச் சரிய விட்டேன். கை முழங்கையில் இருந்து வளைந்து வருவதால், அந்தச் சரிவு இருந்தால்தான் அடி உளியில் நேராக உட்காரும். பிடி ஒன்றேகால் அங்குலம், நடுவில் சின்ன வயிறு, முனையில் நழுவாமல் ஒரு குமிழ். பிடிக்கு வார்னிஷ் அடிக்கப் போனேன், நானா கையைப் பிடித்துவிட்டார். வார்னிஷ் பிடி உள்ளங்கையைக் கொப்புளிக்க வைக்குமாம். கீழே கிடந்த சுருளையே ஒரு பிடி அள்ளி, சுற்றும் மரத்தில் அழுத்தினார். பளபளப்பு வந்தது. அவ்வளவுதான் மெருகு. தராசில் வைத்தோம், 820 கிராம்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தச் சாமான் மறுநாளே என்னைத் திட்டத் தொடங்கியது. பிடியின் வயிறு கொஞ்சம் அதிகம், ஒரு மணித்தியாலத்தில் கை வலித்தது. மறுபடி மாட்டி ஒரு நூல் எடுத்தேன். அலங்காரப் பெட்டி செய்திருந்தால் அது என்னை ஒருநாளும் திட்டியிருக்காது. அலுமாரியில் இருந்து, வருகிறவர்கள் "ஆ, வடிவா இருக்கே" என்று சொல்லியிருப்பார்கள். நானும் நம்பியிருப்பேன். கருவி அப்படி முகஸ்துதி செய்யாது.

அரக்கு வேலையை நான் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். (எங்கள் பக்கம் 'அரக்கு' என்றால் வேறு ஒரு போத்தல் நினைவுக்கு வரும், நான் சொல்வது பூச்சியில் இருந்து வருகிற பிசின், பாண்டவர்களின் மாளிகை கட்டிய சரக்கு.) சிவப்பு, மஞ்சள், கறுப்பு அரக்குக் குச்சியைச் சுற்றுகிற மரத்தில் அழுத்தினால், உரசல் சூட்டிலேயே அது உருகி மரத்தில் ஒட்டும். சிங்களத்தில் இதற்கு 'பிரலு' வேலை என்று பெயர். மாத்தளைப் பக்கம் ஹபுவிதவில் இன்னொரு வகை, நகத்தால் அரக்கை நூலாக இழுத்து ஒட்டும் 'நியபொத்து' வேலை. கர்நாடகத்தில் சென்னபட்டணப் பொம்மையும், எங்களில் பலருடைய பூட்டன்மார் கப்பலேறிய சீமையில் இருக்கும் அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானும் இதே கடைசல்-அரக்கு வேலையின் உறவுதான். பிரச்சினை அரக்கில் இல்லை. கடைசல் என்றாலே கண்டிக்கு வரும் சுற்றுலாக்காரர் வாங்கும் சிவப்பு மஞ்சள் பெட்டி என்று ஆகிவிட்டதில்தான் பிரச்சினை. பஸ் வராத வருடம் பட்டறைக்கும் வேலை இல்லை. 2020இல் பார்த்தோமே.

தமிழ்ச் சொல்லையே பாருங்கள். மோரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். ஒரே வினை. மின்சாரம் வருவதற்கு முன்னால், கட்டையில் கயிறைச் சுற்றி ஒருவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க, இன்னொருவர் உளியை வைப்பார். மத்து எப்படிச் சுற்றுகிறதோ அப்படியே. பாற்கடலைக் கடைந்த கதையில் மந்தர மலையையும் வாசுகியையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கடைசல் பொறிதான். 'கடைஞ்செடுத்த சிலை' என்று புகழ்வதும் 'கடைஞ்செடுத்த அயோக்கியன்' என்று ஏசுவதும் நாங்கள்தான். சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது, வேலைதான் கையில் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால், சாதியைப் பேசாமல் பதில் சொல்ல முடியாது. இங்கே ஆனந்த குமாரசுவாமியை இழுக்கிறேன். தமிழ்த் தகப்பன் சேர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1877இல் கொழும்பில் பிறந்தவர். 1903இல் இருந்து 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைவர். கல்லைத் தேடிப் போன மனுஷன் கண்டிப் பக்கத்துக் கைவினைஞர்களைப் பார்த்து நின்றுவிட்டார். 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற அவருடைய நூல் 1908இல், வில்லியம் மொரிஸ் பாவித்த அதே கை அச்சு இயந்திரத்தில், 425 பிரதிகள் அச்சானது. 1815இல் கண்டி ராச்சியம் விழுந்த பிறகு கைவினைஞர்களைத் தாங்கிய அமைப்பே எப்படி உடைந்தது என்று அவர் எழுதியதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. அரக்குக் கடைசலைக்கூட அவர் விடவில்லை. ஒரு தமிழரின் மகன் இந்த மலையின் தச்சர்களைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லவில்லை, அது வேறு கதை.

ஆனால் ஒரு இடத்தில் அவரோடு சண்டை பிடிக்கணும். தகப்பனிடம் இருந்து மகனுக்குப் போகும் சாதித் தொழில் முறையை அவர் கைவினையின் காவல் என்று பார்த்தார். பிறத்தியான் பார்க்கும்போது அது காவல் மாதிரித்தான் தெரியும். உள்ளே இருக்கிறவனுக்கு அது வேலி. கைவேலை நல்லா வந்தாலே 'ஓ, நீங்க ஆசாரி ஆட்களா?' என்று ஒரு கேள்வி வரும். வேலை தெரிந்தவரின் மகன் அந்தக் கேள்விக்குப் பயந்து ஓடுகிறான். மற்றவரின் மகன் அது தன் வேலை இல்லை என்று கிட்ட வருவதே இல்லை. இரண்டு பக்கமும் போனால் யார் மிச்சம்? சிங்களப் பக்கமும் இதே கதைதான். அந்தக் கிராமங்களில் பிள்ளைகள் உளியை வைத்துவிட்டு கார்மெண்ட்ஸுக்கும் ராணுவத்துக்கும் போவதை நான் குறை சொல்ல மாட்டேன். நான் இருந்தாலும் போவேன்.

'பாஸ்' என்று தச்சரைக் கூப்பிடுகிறோமே, அது ஒல்லாந்துச் சொல். சாதிப் பெயர் இல்லாமல், வேலை தெரிந்த ஆள் என்ற அர்த்தத்தில் மட்டும் மூன்று இனத்துக்கும் பொதுவாக நிற்கிற ஒரு சொல். காலனிக்காரன் விட்டுப்போன சாமான்களில் எனக்குப் பிடித்த மிகச் சிலவற்றில் அது ஒன்று.

தொழில்கல்விக்கு அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2013இல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு வந்தது. என்.வி.கியூ. என்று ஏழு படி வைத்திருக்கிறார்கள். படி இருப்பது நல்லதுதான். அந்தப் படியில் ஏறுகிறவனின் கையில் அவன் செய்த ஒரு சாமான் இருக்கணும் என்கிறேன். சான்றிதழைப் பார்க்கும் முதலாளி அந்தச் சாமானைத் திருப்பிப் பார்க்கட்டும். ஒரு கொட்டாப்புளியில் மரம் தெரிவு செய்ததும், காய வைத்ததும், உளி தீட்டியதும், அவசரப்பட்டதும், பொறுமையாக இருந்ததும் எல்லாம் தெரியும். ஐந்து நிமிடம் போதும். அதைத் தமிழிலும் சொல்லிக்கொடுக்கணும். இழைப்புளி, கொட்டாப்புளி, ஆப்பு, சலாகை என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீடுகளில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. புதுசாக அகராதி போடத் தேவையில்லை, தாத்தாமார் உயிரோடு இருக்கும்போது கேட்டு எழுதினால் போதும்.

கணினி ஓட்டும் பொறி ஒரு நாளைக்கு நூறு கடையும், நீ ஒன்றுக்கு இரண்டு கட்டையைக் கெடுத்திருக்கிறாய் என்று இந்தக் கட்டுரையின் வரைவைப் படித்த நண்பன் கேட்டான். சரிதான். அந்தப் பொறிக்கு எந்த மரத்தை, எந்தப் பக்கம் திருப்பி, எந்த வேகத்தில் என்று சொல்லப் போகிற ஆள் யார்? மரம் வெடிப்பதைப் பார்த்தவனா, படம் வரைந்தவனா?

இந்த வேலையில் பெரிய காசு இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். நானாவிடம் நிற்கும் நாட்களில் கிடைப்பது பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக கொஞ்சம். மிச்ச நாட்களில் நான் கண்டியில் ஒரு கடையில் பில் போடுகிறேன்.

போன மாதம் நானா ஒரு புளியங்கட்டையை நெஞ்சை ஒதுக்கி இரண்டாகப் பிளந்து, கொஞ்சம் பருமனாகவே உருட்டி, முனைகளில் பழைய பெயின்ட் அடித்துக் கூரையில் ஏற்றினார். முனை வழியாக ஈரம் சட்டென்று ஓடினால் வெடிக்கும், அதற்குத்தான் பெயின்ட். ஒன்றில் சோக்கால் ரங்கலையில் இருந்து வருகிற ஒரு பையனின் பெயர். மற்றதில் என் தங்கச்சியின் பெயர். அவ சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறா. "பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு" என்று அம்மா இன்னும் முணுமுணுக்கிறா. நானாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை: துப்பட்டாவை வாசல் ஆணியில் மாட்டிவிட்டு, தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வரணும். கட்டை அடுத்த வருடம் சித்திரைக்குக் காய்ந்துவிடும் என்கிறார்.